வெயிலுக்கு முதுகு காட்டும் புகையக்கா

டீக்கடைக்குள் நுழைந்ததும் புகையக்கா முதலில் நாற்காலியைத் திருப்பிப் போடுவார். ஜன்னலைப் பார்த்துக் கிடந்த நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டும். அதில் உட்கார்ந்து, தோள்பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் டீ சொல்வார். இப்போதெல்லாம் அவர் தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர் தானே நாற்காலியைத் திருப்பிவிடுகிறார். பேருந்திலும் இதே கதைதான். காலையில் ஒரு பக்கத்து ஜன்னல், மாலையில் மறுபக்கத்து ஜன்னல். கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும்போது அக்கா அண்ணாந்து சூரியன் எங்கே என்று பார்ப்பார். மாப்பிள்ளை பெண் உட்பட மொத்த வரிசையையும் சுற்றி நிற்க வைத்துவிடுவார். அப்படி எடுத்த படங்களில் ஒருவர் முகமாவது தெரியவேண்டுமே! எல்லாம் கரிக்கட்டை. "கண்ணு கூசாம நின்னீங்களா இல்லையா? அப்புறம் என்ன?" என்பார் அக்கா.

இன்னொரு பழக்கம், எதையும் உற்றுப் பார்க்கமாட்டார். ஒரு பார்வை, உடனே வேறு பக்கம் திரும்பிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பார்வை. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த அம்மாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பிடிக்காமல் இல்லை. அவருக்குத் தொழில் அப்படி.

அக்காவின் தொழில் புகை பார்ப்பது. சிரிக்காதீர்கள், அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. நாடு முழுவதற்குமான காற்று மாசுச் சட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஒரு விதி. எந்த ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் புகையும் தனக்குப் பின்னால் இருக்கும் வானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கக் கூடாது. மறைக்கிறதா என்று சொல்ல ஊர் ஊருக்குக் கருவி வைக்க முடியுமா? பழக்கப்பட்ட மனிதக் கண்ணையே கருவியாக்கிவிட்டார்கள். கருவி என்று ஆன பிறகு கண்ணுக்கும் விதி வேண்டுமே. பார்க்கிறவர் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். புகையை வெறித்துப் பார்க்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குப் பழகிப்போய்ப் புகை மெலிந்துவிட்டதுபோல் தோன்றும். அதனால் ஒரு நொடி பார்த்துக் கண்ணை எடுத்துவிட்டு, தோன்றிய அளவைக் குறித்து, மறுபடியும் பார்க்க வேண்டும். போதாததற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குப் பரீட்சை வேறு. "சட்டம் சிம்னிக்கு மட்டும்னு நெனச்சீங்களா? என் கண்ணுக்கும் சேர்த்துதான் எழுதியிருக்காங்க" என்று அக்கா சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வீட்டுக்காரர் பெயிண்டர். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். "கட்டின நாள்லேருந்து இவ என் மூஞ்சிய முழுசா பார்த்ததே இல்ல. துண்டு துண்டா பார்த்து மனசுக்குள்ள ஒட்டி வச்சிருக்கா" என்பது அவருடைய நிரந்தரப் புகார். கெட்டிலிலிருந்து ஆவி வெள்ளையாக எழும்பினால், வேண்டுமென்றே, "ஐயோ புகை! புகை! ஆபீசர் அம்மா ஓடி வாங்க!" என்று கத்துவார். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது ஆவி. கொஞ்ச தூரம் போய் ஒண்ணுமில்லாம போயிடும். புகைன்னா போகாது, நின்னு பேசும். எத்தன தடவ சொல்றது?" அவர் மறுநாளும் கத்துவார். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில் இந்தச் சண்டைதான் காலை வணக்கம்.

இரண்டு வருஷமாக அக்கா ஒரு சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். பார்க்கிறவரிடமெல்லாம் அதையே சொன்னார். "ஊர்க் காத்து தெளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? முன்னெல்லாம் உருக்காலை சிம்னிக்குப் பின்னாடி மேகமே தெரியாது. இப்ப பாருங்க. சட்டம் வேலை செய்யுதுங்க, மெதுவா செய்யுது, ஆனா செய்யுது." பேருந்து நடத்துனரிடம் சொன்னார். காய் விற்கிறவரிடம் சொன்னார். நாள் முழுக்க வெயிலில் நின்று பிறர் கக்கும் புகையை அளப்பவருக்கு, அந்தப் புகை குறைவதைத் தன் கண்ணாலேயே பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்? பதவி உயர்வு கிடைக்காத வருத்தம்கூட அதில் கரைந்துபோயிருந்தது.

அந்த உருக்காலை ஊரின் ஓரத்தில் இருக்கிறது. பழைய பாத்திரம், ஜன்னல் சட்டம், நசுங்கிய டின் என்று கிடைத்த அலுமினியத்தையெல்லாம் உருக்கிக் கட்டியாக வார்க்கிற இடம். அதன் புகை வெள்ளையாக, பார்க்கச் சாதுவாக இருக்கும். அக்கா போகும்போதெல்லாம் மேலாளர் வாசல்வரை வந்து வரவேற்பார். வாயெல்லாம் பல். "அக்கா கண்ணு நியாயமான கண்ணு. உள்ளத உள்ளபடி எழுதுவாங்க" என்று தொழிலாளர்கள் காதில் விழும்படி சொல்வார். அக்காவும் உள்ளதைத்தான் எழுதினார். அவர் கண்ணுக்குத் தெரிந்த புகை எல்லைக்குக் கீழேதான் இருந்தது.

ஆலைக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரம்மா. பள்ளிச் சீருடைக்கு வெள்ளைச் சட்டை தைப்பது அவருக்கு முக்கிய வேலை. அவர் புகார் எழுதிப் போடுவார், அக்கா போய்ப் பார்ப்பார், திரும்புவார். மறுபடியும் புகார் வரும். ஒருமுறை ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் வியர்த்து வழிய உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டை ஒன்றை அக்காவின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். "இது வெள்ளையாங்க? நீங்களே சொல்லுங்க. ஜன்னலத் தெறந்தா துணி போச்சு, சாத்துனா நான் போயிட்டேன். ராத்திரியெல்லாம் எம் பொண்ணு இருமுறா." அக்கா சட்டையை ஒரு நொடி பார்த்தார், கண்ணை எடுத்தார், மறுபடியும் பார்த்தார். "வெள்ளையாத்தானேம்மா இருக்கு" என்றார். தையல்காரம்மா சட்டையை மடித்து வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் மோப்பம் பிடித்தது பெயிண்டர். படுக்கையறைச் சுவருக்குப் பிரியமாகப் பார்த்துப் பார்த்து வெண்ணெய் நிறம் அடித்தார். மனைவி உள்ளே வந்து, "என்ன, வெறும் வெள்ளைய அடிச்சு வச்சிருக்கீங்க? ஆஸ்பத்திரி மாதிரி" என்றார். பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்தார். வண்ண அட்டையை எடுத்து வந்து வெள்ளையையும் வெண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். அக்காவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"வா, கண்ணு டாக்டர்கிட்ட போவோம்."

"அரசாங்கமே என் கண்ணுக்கு சர்டிபிகேட் குடுத்திருக்கு. நீங்க என்ன புதுசா?"

"அரசாங்கம் சுவருக்குக் குடுக்கலயே."

"உங்க பெயிண்ட்ல தண்ணி ஜாஸ்தி, அதப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அடுக்களைக்குப் போய்விட்டார். தொழில்மீது கைவைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? பெயிண்டர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கெட்டில் கொதித்தபோதுகூடக் கத்தவில்லை.

அந்த வாரமே பரீட்சை வந்தது. புகைப் பரீட்சையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும், அவ்வளவு வேடிக்கை. ஒரு வெட்டவெளி. நடுவில் வண்டியில் ஏற்றிய இயந்திரம் ஒன்று, தலையில் குட்டிப் புகைபோக்கி. பல ஊர்களிலிருந்து வந்த புகை பார்க்கிறவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். இயந்திரம் ஒருமுறை கறுப்பாக ஊதும், ஒருமுறை வெள்ளையாக ஊதும். ஒவ்வொரு தடவையும் மணி அடித்ததும் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும், ஒன்றாகக் குனியும், எழுதும். இயந்திரத்துக்குள் இருக்கும் கருவிக்கு உண்மை அளவு தெரியும். கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்துப் பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிடுவார்கள்.

அக்கா இந்தப் பரீட்சையில் தோற்றதே கிடையாது, கடைசிச் சில தடவை வெள்ளையில் மயிரிழையில் தேறியிருந்தாலும். அன்றைக்குக் கறுப்புப் புகை எல்லாம் சரியாக வந்தது. வெள்ளையில் விழுந்தார். சும்மா விழவில்லை, குப்புற விழுந்தார். இயந்திரம் பாதி வானத்தை மறைத்தபோது அக்கா அதில் பாதியைத்தான் எழுதியிருந்தார். எழுதிய ஒவ்வொன்றும் குறைச்சல். ஒன்றுகூடக் கூடுதல் இல்லை.

பரீட்சை நடத்துகிறவர் தன்மையான மனிதர். "கண்ணுல வெள்ளை விழுந்திருக்கும்போல. காமிச்சிட்டு அடுத்த முறை வாங்கம்மா, ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார். அக்கா சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினார். வாழ்க்கையில் முதல்முறையாக எந்தப் பக்கத்து ஜன்னல் என்று பார்க்காமல் உட்கார்ந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. தெளிந்தது ஊர்க் காற்று இல்லை. கலங்கியது தன் கண். உருக்காலைப் புகை குறையவே இல்லை. தனக்குத் தெரிவதுதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த இரண்டு வருஷச் சந்தோஷமும், நடத்துனரிடமும் காய்காரரிடமும் அளந்த அத்தனை அளப்பும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கடைசியில் அந்த வெள்ளைச் சட்டை வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதார். "அந்தம்மா கையில பிடிச்சிக் காட்டுனாங்க. வெள்ளையாத்தானே இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேங்க நான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சுவர் விஷயத்தைச் சொல்லிக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பெயிண்டர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் செருப்பைக் கழற்றினார். "கண்ணத் தொடைச்சிக்க. நாளைக்கு டாக்டர் பார்க்கணும்ல, வீங்கிப்போய் இருந்தா எப்படிப் பார்ப்பாரு?" என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகப் படுக்கையறைக்குப் போனார். சுவர் சாக்ஷாத் வெண்ணெய். "நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க" என்று ஒப்புக்கொண்டு திரும்பியவர் வீட்டுக்காரரைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஐயையோ, இவ்வளவு நரை எப்ப வந்துச்சு உங்களுக்கு?"

"ஒரு நொடிக்கு மேல பார்த்திருந்தா வரும்போதே தெரிஞ்சிருக்கும்" என்றார் பெயிண்டர். மறுநாள் காலை கெட்டில் கொதித்தது. "ஐயோ புகை!" என்று பழைய குரல் கேட்டது. அக்காவுக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த பரீட்சையில் கறுப்பும் வெள்ளையும் தேறிச் சான்றிதழைக் கையில் வாங்கிய மறுநாளே உருக்காலைக்கு வண்டியை விடச் சொன்னார். அலுவலகத்தில் மேலதிகாரி கொஞ்சம் தயங்கினார். "பழைய ரிப்போர்ட்டெல்லாம் நீங்க எழுதினதுதானேம்மா? இப்ப போய் மாத்தி எழுதினா கேள்வி வரும்."

"வரட்டும் சார். கேட்டா சொல்றேன்."

ஆலை வாசலுக்கு எதிரே, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார். புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெளேரென்று வந்துகொண்டிருந்தது. பின்னால் வானம் இருக்கிற சுவடே இல்லை. ஒரு பார்வை, ஒரு குறிப்பு. மறுபடி ஒரு பார்வை, ஒரு குறிப்பு. எத்தனை முறை இதே இடத்தில் நின்று இதையே பார்த்திருக்கிறார்! எழுதியதைப் படித்துப் பார்த்த மேலாளரின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிட்டது.

"என்னக்கா இது? ரெண்டு வருஷமா நீங்கதானே சரின்னு எழுதினீங்க? நேத்து வரைக்கும் நல்லா இருந்த புகை இன்னிக்குக் கெட்டுப்போச்சா?"

"நான்தான் எழுதினேன், இல்லேங்கல. என் கண்ணுல அழுக்கு இருந்துச்சு. டாக்டர் எடுத்துட்டாரு. உங்க சிம்னில இருக்குறத நீங்க எடுத்துடுங்க."

மேலாளர் குதித்தார். பழைய தாள்களைக் காட்டி மேலே எழுதுவேன் என்றார். வேலையே போய்விடும் என்று மிரட்டிப் பார்த்தார். அக்கா தோள்பையிலிருந்து தன் கண் அறுவைச் சீட்டின் நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதையும் சேர்த்து அனுப்புங்க. அவங்களுக்கு விளங்கும்." பயம் இல்லாமல் இல்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வேலை போனால் போகிறது, நீ என்கூடப் பெயிண்ட் அடிக்க வா, இப்போதுதான் உனக்கு வெள்ளைக்கும் வெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரிகிறதே என்று பெயிண்டர் சொல்லப்போய்த்தான் அக்கா சிரித்தார்.

வேலை போகவில்லை. மேலிடத்திலிருந்து வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, அக்கா எழுதியதுதான் சரி என்று எழுதிவிட்டுப் போனார். ஆலைக்குக் கெடு கொடுத்தார்கள். ஆலையை இழுத்துப் பூட்டப்போகிறார்கள் என்று பயந்த தொழிலாளர்கள் சிலர் அக்காவைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். "பூட்டுப் போடுறதுக்குச் சட்டம் எதுக்குப்பா, பூட்டு போதுமே" என்றார் அக்கா. "வடிகட்டி மாட்டச் சொல்லுது, அவ்வளவுதான். மொதல்ல உங்க நெஞ்சுக்குத்தான் நல்லது. உலைக்குப் பக்கத்துல நிக்கிறது நீங்கதானே?" அவர்களில் ஒருவர் போகிறபோது இருமிக்கொண்டே போனார்.

ஆலையில் ஒரு புதுக் கொட்டகை முளைத்தது. உள்ளே வரிசை வரிசையாக நீளத் துணிப்பைகள். புகை அதற்குள் நுழைந்து, தூசியை விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். மேலாளர் கடுகடுவென்றுதான் இருந்தார். ஆனால் பையில் சேர்ந்த தூசியை முதல்முறையாகத் தட்டிக் கொட்டியபோது, பீப்பாய் நிறைந்து வழிந்ததைப் பார்த்து, "இவ்வளவுமா மேல போயிட்டிருந்துச்சு?" என்று அவரே கேட்டாராம். அக்காவிடம் இதைச் சொன்னது ஆலைக் காவலாளி.

நடுவில் ஒருநாள் அக்கா தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். போகத் தைரியம் வராமல் தெருமுனைவரை போய்த் திரும்பியது தனிக்கதை. சட்டை தைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று, "அன்னிக்கு நீங்க காட்டுன சட்டை வெள்ளையில்லம்மா. எனக்குத்தான் தெரியல. மன்னிச்சிடுங்க" என்றார்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. சட்டையின் ஒரு கையை முழுவதும் தைத்து முடித்து, நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தார். "கடைசியா எப்ப வந்து அளப்பீங்க?"

"வடிகட்டி ஓட ஆரம்பிச்சதும்."

"அப்ப எங்க வீட்டு மொட்டைமாடிலேருந்து அளங்க. வாசல்லேருந்து வேணாம்."

அந்த நாள் போன மாதம் வந்தது. விதி ஒத்துக்கொள்கிற இடமா என்று அக்கா முன்கூட்டியே போய்ப் பார்த்து வைத்திருந்தார். காலை வெயில் அந்த மாடியில் சரியாக முதுகில் விழும். தையல்காரம்மா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதைத் திருப்பிப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கொடியில் புதிதாகத் தைத்துத் துவைத்த சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. கீழே உருக்காலையில் உலை முழுவேகத்தில் ஓடுகிற உறுமல் கேட்டது. அக்கா அதை முதலில் காதால் உறுதி செய்துகொண்டார். உலையை அணைத்துவிட்டு நல்லபிள்ளையாக நிற்கிற ஆலைகளையும் அவர் பார்த்திருக்கிறார்.

பிறகு பார்த்தார், கண்ணை எடுத்தார், எழுதினார். பார்த்தார், எடுத்தார், எழுதினார். தையல்காரம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். தாளில் பூஜ்யம். அடுத்ததும் பூஜ்யம். ஓரிடத்தில் லேசாக ஏதோ வந்து போனது, அதையும் விடாமல் குறித்தார். மற்றதெல்லாம் பூஜ்யம். "பரீட்சைல வாங்குனா அடிப்பாங்க, இங்க வாங்குனா கொண்டாட்டம்" என்று தனக்குள் முனகிக்கொண்டார். நேரம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, தாளைத் தோள்பைக்குள் வைத்துப் பையையும் மூடினார்.

"முடிஞ்சுதா? டீ போடவா?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"போடுங்க."

தையல்காரம்மா கீழே போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. டீயோடு திரும்பி வந்தபோது அக்கா அதே நாற்காலியில், மூடிய பையை மடியில் வைத்துக்கொண்டு புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வாய்க்குப் பின்னால் ஒரு சின்ன மேகம் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"டீ ஆறுதுங்க. எழுதி முடிச்சாச்சே, இன்னும் என்ன பாக்குறீங்க?"

அக்கா கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். கண்ணை எடுக்கவில்லை.